பெரிய லென்ஸுக்கு உறை, பை, பெட்டி: எதற்குக் காசு கொடுக்கலாம்

தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது அனேகமாக இதுதான்: லென்ஸ்கோட் மாதிரி நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) உறை வாங்கலாமா, பெலிகன் மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி வேண்டுமா, மழைக்கு என்ன செய்வது? பல வருடங்களாக இந்தச் சாமான்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியோப்ரீன் உறை நல்ல பொருள், வாங்கலாம். மழை உறை கட்டாயம் வேண்டும். கெட்டிப் பெட்டி பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. ஆனால் எதை வாங்கினாலும், உள்ளே போன ஈரம் வெளியே வர அதில் வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்த்தவரையில் நம் ஊரில் லென்ஸ்கள் கீழே விழுந்து கெட்டதைவிடப் பூஞ்சை பிடித்துக் கெட்டதுதான் அதிகம். விழுந்த லென்ஸை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பாதிக்குமேல் சரியாகி வந்துவிடும். பூஞ்சை அரித்துவிட்ட கண்ணாடிப் பூச்சை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பெரிய லென்ஸ் என்று எதைச் சொல்கிறேன் என்றால், சிக்மா, டாம்ரான் 150-600, நிக்கான் 200-500, சோனி 200-600 மாதிரி இரண்டு கிலோவை ஒட்டிய ஜூம்கள் ஒரு பக்கம், 500 எஃப்/4, 600 எஃப்/4 மாதிரி ஜூம் ஆகாத பிரைம்கள் இன்னொரு பக்கம் (எண்கள் மி.மீ.யில் குவியத் தூரம்). கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் வசதியோடு கேனன் 600 எஃப்/4 லென்ஸ் 1999-இல் வந்தபோது 5.36 கிலோ இருந்தது, அடுத்த தலைமுறை 3.92 கிலோ, 2018-இல் வந்த மூன்றாவது தலைமுறை 3.05 கிலோ. எடை குறைந்துவிட்டது, அளவு பெரிதாகக் குறையவில்லை. இன்றைக்கும் கிட்டத்தட்ட 45 செ.மீ. நீளம், 16 செ.மீ.க்கு மேல் விட்டம். எடை குறைந்ததால் ஒருவரே தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், நடப்பதால் மரக்கிளையிலும் ஜீப் கம்பியிலும் படகு விளிம்பிலும் உரசும் வாய்ப்பு கூடிவிட்டது. உறை தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் நியோப்ரீன் உறை. லென்ஸ்கோட் அமெரிக்க நிறுவனம், ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் தனியாக வெட்டித் தைத்து விற்கிறார்கள். ஒரே துணியாக வராது, லென்ஸின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வளையமாகப் பல துண்டுகள் வரும், கூடவே முன்னால் மாட்டும் ஒளி மறைப்பான ஹூட்டுக்கும் ஒரு துண்டு. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல், அதனால் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம், ஆனால் ஸ்விட்சை மாற்ற வேண்டுமானால் விரலால் மேலிருந்து அழுத்தித் தள்ள வேண்டும், அது கொஞ்சம் எரிச்சலான வேலை. முதல் தடவை மாட்டும்போது பொறுமை வேண்டும். எந்தத் துண்டு எங்கே என்று படத்தைப் பார்த்து, மவுண்ட் (கேமராவில் மாட்டும் முனை) பக்கத்திலிருந்தோ முன்பக்கத்திலிருந்தோ இறுக்கமாக இழுத்து ஏற்ற வேண்டும், அவசரமாகக் கிளம்பும் காலையில் செய்கிற வேலை இல்லை. மாட்டி முடித்தால் இரண்டாவது தோல் போல ஒட்டிக்கொள்கிறது. நகராது, சுருங்காது.

என்ன பயன் என்று கேட்டால், முதல் பயன் உரசல். வால்பாறையில் இருவாச்சி தேடித் தேயிலைத் தோட்ட ஓரத்தில் போகும்போதும், முதுமலையில் வண்டியின் இரும்புக் கம்பியில் லென்ஸை வைத்து எடுக்கும்போதும் பெயின்ட் போகாமல் இருக்கிறது. பின்னால் விற்கும்போது இதற்கு மதிப்பு உண்டு, கீறல் இல்லாத லென்ஸுக்கு வாங்குபவர் பேரம் பேசுவது குறையும். இரண்டாவது பயன் சத்தம். உலோகம் உலோகத்தில் இடிக்கும் டங் என்ற சத்தம் இல்லாமல் போவது புள்ளிமான் பக்கத்தில் நிற்கும்போது பெரிய விஷயம். மூன்றாவது, கைக்கு இதம். லடாக்கிலோ ஸ்பிட்டியிலோ பனியில் வெறும் மெக்னீசியத்தைப் பிடித்தவர்களுக்கு இது புரியும். நம் சமவெளியில் இந்த மூன்றாவது பயன் கிடையாது.

அது எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கீழே விழுந்தால் காப்பாற்றாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நியோப்ரீன் மூன்று கிலோ எடை தரையில் மோதும் வேகத்தை எப்படித் தாங்கும்? விழும் லென்ஸில் முதலில் அடி வாங்குவது ஹூட் அல்லது மவுண்ட், உறை மூடியிருப்பது இரண்டுக்கும் நடுவில். மழைக்கும் இது உறை இல்லை, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, ரிங் சுழலும் இடத்தில் திறந்தே இருக்கும், ஸ்விட்ச் பகுதியிலும் ஓரத்தில் தண்ணீர் போகும்.

தண்ணீர் போனபிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மூடிய நுண்ணறைகள் கொண்ட நியோப்ரீன் தானாகத் தண்ணீர் குடிப்பதில்லை, அது உண்மை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் நைலான் துணி குடிக்கும். மழையில் நனைந்த உறைக்கு அடியில் அந்த ஈரம் லென்ஸோடு ஒட்டியபடியே உட்கார்ந்திருக்கும், உறை இறுக்கமாக இருப்பதால் காற்றுப் படாது. வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் லென்ஸைப் பையில் வைத்து ஜிப்பை மூடி, பையை அலமாரியில் வைத்தால், பூஞ்சைக்கு வேண்டிய இருட்டு, ஈரம், காற்றோட்டமின்மை மூன்றையும் நாமே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் நனைந்த அன்று இரவே உறையை முழுக்கக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே தனியாகக் காயவையுங்கள், லென்ஸைத் துடைத்து அதையும் தனியாக வையுங்கள். நனையாவிட்டாலும் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடியில் நுண்ணிய மணல் சேரும், சேர்ந்தால் பெயின்ட்டைப் பாதுகாக்க வாங்கிய உறையே அதை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உறையை மாட்டிவிட்டு வருடக்கணக்கில் கழற்றாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, அந்த லென்ஸுக்கு அவர்கள் எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுக்கு இலை நிறம், கறுப்பு என்று பலரும் வாங்குகிறார்கள். கேனன் மாதிரி சில நிறுவனங்கள் பெரிய லென்ஸ்களை வெள்ளையாக விற்பது அழகுக்காக இல்லை, வெயிலில் சூடு ஏறாமல் இருக்க. அவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் ஃபுளோரைட் என்ற படிகம் சாதாரணக் கண்ணாடியைவிட வெப்பத்தில் அதிகமாக விரியும். அந்த வெள்ளைமேல் கறுப்பு உறையைப் போட்டு ஏப்ரல் மாதக் கூந்தன்குளம் வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நியோப்ரீன் ஓரளவு வெப்பத்தைத் தடுக்கும்தான், இருந்தாலும் காய்ந்த புல் நிறம், மணல் நிறம், வெள்ளை ஆகியவையும் கிடைக்கின்றன. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய நத்தைக்குத்தி நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் உங்கள் லென்ஸ் இலை நிறத்தில் இருந்தால் என்ன, வெள்ளையாக இருந்தால் என்ன.

விலை விஷயத்தில், அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்துவிடும். ரோலன்ப்ரோ என்ற சீன நிறுவனத்தின் நைலான் உறைகள் விலை குறைவு, துணி மெல்லியது, சீக்கிரம் காயும், ஆனால் மெத்து மெத்தென்ற தன்மை குறைவு. பெயரில்லாமல் இணையத்தில் விற்கும் மலிவு உறைகளில் ஒன்றை வாங்கினேன், ஒரே மழைக்காலத்தில் தையல் பிரிந்து, உள்ளே இருந்த பசை பிசுபிசுத்து லென்ஸில் ஒட்டிக்கொண்டது. அந்த மாதிரிப் பொருளுக்கு உறையே இல்லாமல் இருப்பது மேல். எடை இரண்டு கிலோ இருக்கும் ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிக்மா, டாம்ரான், நிக்கான் 200-500 எல்லாம் ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள், உறைத் துண்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஜூம் ரிங்கின் இடுக்கில் மாட்டும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளேயே ஜூம் ஆகின்றன, அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. நீளும் லென்ஸ் ஒவ்வொரு தடவை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்தக் காற்றோடு தூசும் ஈரமும் போகும் என்பதால் கடற்கரையில் அதைத் தேவையில்லாமல் முன்னும் பின்னும் இழுத்து விளையாடக் கூடாது.

ஹூட்டைக் கழற்றாதீர்கள். முன்கண்ணாடிக்கு ஹூட்டைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. 95 மி.மீ. யுவி ஃபில்டர் வாங்கி மாட்டுவதைவிட அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள், அவ்வளவு நீளமான லென்ஸின் முன்னால் சுமாரான கண்ணாடியை வைத்தால் படம் மங்குவது கண்ணுக்கே தெரியும். 600 எஃப்/4-க்கு முன்பக்கம் ஃபில்டர் மாட்டவே வழியில்லை. நடக்கும்போது ஹூட்டின் வாயை மூட நியோப்ரீன் தொப்பி கிடைக்கிறது, லென்ஸ்கோட்டில் ஹூடி என்ற பெயரில் விற்பது. எல்லாவற்றிலும் சின்னப் பொருள், தினமும் பயன்படுவது அதுதான். லென்ஸோடு வரும், பட்டையால் கட்டும் மூடியைவிட நொடியில் கழற்றலாம், பறவை பறக்கும்போது அந்த ஒரு நொடி வேண்டும்.

அப்புறம் மழை. நமக்குப் பறவைக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வானம் தெளியட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தால் பாதிப் பறவைக் காலம் போய்விடும். திங்க் டேங்க் நிறுவனத்தின் ஹைட்ரோஃபோபியா மழை உறை இருப்பதில் நன்றாகச் செய்த ஒன்று. பெரிய லென்ஸுக்கு 300-600 என்ற அளவு. துணி தடிமன், தையல்கள் ஒட்டி மூடியவை, கைகளை உள்ளே விடச் சட்டைக் கை மாதிரி இரண்டு பக்கமும் வழி, கேமராவின் கண் பகுதியில் அந்தந்த மாடலுக்குத் தனியாக வாங்க வேண்டிய ஐபீஸ் ஒன்றை மாட்டிவிட்டால் பின்பக்கமும் மூடிவிடும். அந்த ஐபீஸைத் தனியாக வாங்க வேண்டியிருப்பது பணத்தில் இன்னொரு வெட்டு. உறை விலையும் அதிகம். மணிக்கணக்காகக் கொட்டும் மழையில் நின்று எடுப்பவர்களுக்கு மட்டுமே இது நியாயமான செலவு.

மற்றவர்களுக்கு ஆப்டெக் ரெயின்ஸ்லீவ் போதும். மெல்லிய பிளாஸ்டிக் குழாய், முன்பக்கம் கயிறு இழுத்து ஹூட்டில் கட்ட வேண்டும், ஒரு பாக்கெட்டில் இரண்டு இருக்கும். சுருட்டினால் சட்டைப்பையில் அடங்கிவிடும். குறை என்னவென்றால் சரசரவென்று சத்தம் போடும், காற்றடித்தால் படபடக்கும், பயந்த சுபாவமுள்ள பறவைக்குக் கேட்கும். 600 எஃப்/4-க்கு நீளம் பத்தாது, ஜூம் லென்ஸ்களுக்குத்தான் பொருத்தம். என் பையில் எப்போதும் ஒரு ஜோடி கிடக்கும், கூடவே ஓர் ஈரிழைத் துண்டு. அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திடீர்த் தூறலில் லென்ஸ்மேல் போட்டால் உறை, நின்றதும் துடைக்கத் துணி, வெயிலில் நிழல், ஜீப் கம்பியில் மடித்து வைத்தால் மெத்தை. நன்றாக உறிஞ்சும், சீக்கிரமே காய்ந்துவிடும். இவ்வளவு மலிவான பாதுகாப்பு எந்தக் கேமராக் கடையிலும் விற்பதில்லை.

பிளாஸ்டிக் மழை உறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான குறை உண்டு: வெளியே தண்ணீரைத் தடுக்கும், உள்ளே வியர்க்கும். புழுக்கமான மழையில் அரை மணி நேரத்தில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். மழை நின்றதும் அப்போதே கழற்றிவிட வேண்டும், அடுத்த மழை வரட்டும் என்று அப்படியே போட்டு வைக்கக் கூடாது. குளிர்சாதன அறையில் தூங்கிய லென்ஸை விடியற்காலையில் அப்படியே வெளியே எடுத்துப் போவதும் இதே கதைதான், கண்ணாடி முழுக்க ஆவி படியும், துடைத்தால் மறுபடியும் படியும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பையைத் திறக்காமலேயே அறைக்கு வெளியே வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. தங்கும் விடுதியில் இரவு ஏசியைப் போட்டுக்கொண்டாலும் லென்ஸ் பையைக் குளியலறை பக்கம் வைக்காதீர்கள்.

உப்பு மழையைவிட மோசம். கோடியக்கரையில் உப்பளங்களை ஒட்டிப் பூநாரை எடுக்கும்போதும், பழவேற்காட்டில் படகில் போகும்போதும் முகத்தில் படும் அதே உப்புக் காற்று மவுண்ட்டிலும், லென்ஸை ஸ்டாண்டில் மாட்டும் பாதமான ஃபுட்டின் திருகுகளிலும் படுகிறது. படகில் தெறித்த துளியைச் சட்டையால் தேய்க்க வேண்டாம். குடிதண்ணீரில் துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றி எடுங்கள், பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். உப்புக் காற்றில் இருந்துவிட்டு வந்த உறையையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தனுஷ்கோடியில் காற்றோடு மணல் வரும். அங்கே லென்ஸை மாற்றுவதே வேண்டாம், வந்தபிறகும் முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டுத்தான் துணி எடுக்க வேண்டும்.

சஃபாரிக்குப் போகிறவர்கள் பீன் பேக் (லென்ஸுக்கு அடியில் வைக்கும் தானியப் பை) வாங்குவதைப் பாதுகாப்புச் செலவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கம்பியில் வெறும் லென்ஸை வைத்தால் என்ஜின் ஓடும்போது அதிர்வு முழுக்க லென்ஸுக்குள் போகும். ஹெச் வடிவத்தில் தைத்த பை கம்பியில் இரண்டு பக்கமும் தொங்கி நிற்கும், நழுவாது. வெறும் பையாக எடுத்துப் போங்கள், ஊரிலிருந்து நிரப்பிக்கொண்டு போக வேண்டாம். மசினகுடியில் மளிகைக் கடையில் நாலு கிலோ அரிசி வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே போட்டால் வேலை முடிந்தது, திரும்பும்போது அரிசியைத் தங்கிய இடத்துச் சமையலறையிலேயே கொடுத்துவிட்டு வரலாம். தெர்மோகோல் உருண்டை நிரப்பியது எடை குறைவு, ஆனால் லென்ஸின் பாரத்தில் நசுங்கி ஆடும். பிராண்டு பையே வேண்டுமென்பதில்லை, பைக் சீட் உறை தைக்கும் கடையில் கேன்வாஸ் துணி கொடுத்தால் உறுதியாகத் தைத்துத் தருவார்கள், அடிப்பக்கம் மட்டும் ரெக்ஸின் வைக்கச் சொல்லுங்கள்.

ஓடும் வண்டியில் லென்ஸைப் பீன் பேக் மேல் விட்டுவிட்டு அமரக் கூடாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபுட்டைப் பிடித்தபடி. ஸ்ட்ராப்பைக் கேமராவில் மாட்டாமல் லென்ஸிலேயே இருக்கும் வளையங்களில் மாட்டுங்கள், மூன்று கிலோவைக் கேமராவின் மவுண்ட் சுமக்கக் கூடாது. ஃபுட் திருகுகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஆலன் சாவியால் இறுக்கிப் பாருங்கள், காட்டுப் பாதையின் குலுக்கலில் அவை தளரும். இன்னொன்று, நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே லென்ஸைக் கழற்றக் கூடாது. நிக்கானின் கையேட்டிலேயே இது இருக்கிறது: விஆர் (ஸ்டெபிலைசேஷனுக்கு நிக்கான் வைத்த பெயர்) இயங்கும்போது கேமராவை அணைத்தால் பிறகு லென்ஸைக் குலுக்கும்போது கடகடவென்று சத்தம் வரும், மறுபடி மாட்டி ஆன் செய்தால் சரியாகிவிடும். அந்த நிலையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக விடுவானேன்?

இனி பையும் பெட்டியும். லோவ்ப்ரோ லென்ஸ் டிரெக்கர் 600 மாதிரி நீளமான முதுகுப் பையில் 600 எஃப்/4 லென்ஸைக் கேமராவோடு சேர்த்தே வைக்கலாம், அதற்குத்தான் அந்தப் பை. ஜிப்பைத் திறந்து எடுத்தவுடனே படம் எடுக்கத் தயார், மவுண்ட்டைத் திறந்து மூடும் வேலை குறைவதால் தூசு போவதும் குறைவு. உள்ளே மடித்து வைத்த மழை உறையும் உண்டு. எனக்குப் பிடித்தது அது காற்று வாங்கும் என்பது: ஜிப்பைத் திறந்து இரவு முழுக்க விட்டால் உள்ளே காய்ந்துவிடும். குறை, வேறு எதற்கும் இடமில்லை, இன்னொரு சின்ன லென்ஸ் வைக்கவே யோசிக்க வேண்டும்.

பெலிகன் பெட்டி பலருக்குக் கனவு. 1510 மாடலைப் பார்ப்போம். விமானத்தில் கையோடு கொண்டு போகும் அளவுக்குத்தான் வெளி அளவு, ஏறக்குறைய 56 × 35 × 23 செ.மீ. உறுதியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், மூடினால் தண்ணீர் போகாது, அழுத்த மாற்றத்துக்குத் தனி வால்வு உண்டு. ஆனால் ஃபோமோடு சேர்த்து வெறும் பெட்டியே 6 கிலோவைத் தாண்டும். நம் நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. அப்படியானால் லென்ஸுக்கு மிச்சம் எவ்வளவு? பெலிகன் ஏர் 1535 இதே அளவு, ஃபோம் இல்லாமல் 4 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதிலும் 600 எஃப்/4 போட்டால் வரம்பு அங்கேயே நிரம்பிவிடும். 1510-இன் உள்நீளமும் 50 செ.மீ. தான், லென்ஸ் மட்டும் படுக்கும், கேமராவோடு வைக்க முடியாது. அந்த 7 கிலோவைக் கவுன்ட்டரில் எடை போட்டுப் பார்க்காத நாளும் உண்டு, பார்க்கிற நாளும் உண்டு, பார்க்கிற நாளை மனதில் வைத்துத்தான் பை வாங்க வேண்டும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்குப் பெரும்பாலும் ஏடிஆர் என்ற சின்ன விமானம் போகும். அதில் தலைக்குமேல் இருக்கும் அறை சின்னது, சக்கரம் வைத்த பெட்டியைப் படிக்கட்டு அருகிலேயே வாங்கிச் சரக்கோடு போட்டுவிடுவார்கள். மெத்தென்ற முதுகுப் பையாக இருந்தால் பேசிப் பார்க்கலாம், தேவைப்பட்டால் காலடியில் வைத்துக்கொள்ளலாம். கேமராவைக் கழுத்திலும் சின்ன லென்ஸைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டால் எடையும் குறையும். உபரி பேட்டரிகளைச் சரக்கில் போடும் பையில் வைக்கவே கூடாது, கையோடுதான் கொண்டு போக வேண்டும், அது பாதுகாப்பு விதி. பாதுகாப்புச் சோதனையில் லென்ஸை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வது நம் விமான நிலையங்களில் சகஜம், ஆகவே ஒரே ஜிப்பில் முழுதாகத் திறக்கும் பை நல்லது. தட்டில் லென்ஸ் உருளாமல் இருக்க அடியில் அந்த ஈரிழைத் துண்டையே சுருட்டி வையுங்கள்.

கெட்டிப் பெட்டி நியாயமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. லென்ஸைச் சரக்கோடு அனுப்பியே ஆக வேண்டிய நீண்ட வெளிநாட்டுப் பயணம், வண்டிக் கூரையில் சாமான் கட்டும் மலைப்பாதை, அலையில் ஆடும் படகு. அங்கெல்லாம் துணிப்பை தாங்காது. ஆனால் வீட்டில் லென்ஸை வைத்துக்கொள்ளும் இடமாக அதைப் பயன்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மழைநாளில் மூடிய பெட்டிக்குள் அந்த மழைநாளின் காற்றே அடைபட்டிருக்கும், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மாறாது, ஃபோமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் புகாத பெட்டி என்றால் தண்ணீர் வெளியேறாத பெட்டியும்தான்.

ரயிலில் போவது எனக்கு எப்போதும் நிம்மதி. நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போகும்போது எடை பார்க்க யாரும் வருவதில்லை. பையைக் கீழ் பெர்த்தின் அடியில் தள்ளிவிட வேண்டாம், தலைமாட்டில் வைத்து ஸ்ட்ராப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குங்கள். பேருந்தில் டிக்கியில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், இரண்டு சீட்டுக்கு டிக்கெட் எடுத்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு டிரை கேபினெட், அதாவது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் அலமாரி. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாப் பொருளிலும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள். ஈரப்பதத்தை 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும், 30-க்குக் கீழே கொண்டு போக அவசியமில்லை, ரப்பருக்கும் கிரீஸுக்கும் அது நல்லதில்லை. வாங்கும்போது லிட்டர் கணக்கை நம்பாமல் உள் அளவை டேப் வைத்துப் பாருங்கள், 30 லிட்டர் பெட்டியில் 600 எஃப்/4 நிற்காது, தட்டைக் கழற்றிவிட்டு நிறுத்த வேண்டிய உயரம் வேண்டும். உறையோடு உள்ளே வைக்காதீர்கள். கேபினெட் வாங்கும் வரை, இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பத மீட்டர் ஒன்று, இந்த மூன்றும் தாங்கும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது, சூடாக்கிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிறத்துக்குக் கோபால்ட் குளோரைடு சேர்ப்பார்கள், அது விஷம், சமையல் வாணலியில் வறுக்க வேண்டாம்.

வார இறுதிக்கு 600-ஐ வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். வாடகை லென்ஸ் அனேகமாக நியோப்ரீன் உறை போட்டே வரும். கடையிலேயே உறையைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள், தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. அடியில் புதுக் கீறலோ நசுங்கலோ இருந்தால் அங்கேயே ஃபோனில் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு பின்மூடியைக் கழற்றி, அபெர்ச்சர் (ஒளி போகும் துவாரம்) முழுதாகத் திறந்த நிலையில், ஃபோன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறு பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை வாடகைக்கு எடுக்காதீர்கள், உங்கள் மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கவும் வேண்டாம்.